பதில் வராவிட்டால் எல்லாம் சரி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'கர்சர்' என்று பெயர். நான் வைத்ததல்ல. நான் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பேன். கம்ப்யூட்டர் திரையில் சிமிட்டும் கோட்டைப் போல ஒரே இடத்தில் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருப்பார், யாராவது எதையாவது தட்டினால்தான் நகருவார் என்று எங்கள் அலுவலக ஸ்டோர்காரர் வைத்த பெயர் அது. வைத்த நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

ஊருக்குக் குடிநீர் அனுப்பும் அலுவலகம் எங்களுடையது. அவருக்கு மாடியில் மெஷின் ரூம், எனக்குக் கீழே புகார் தொலைபேசி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று நேரில் பார்த்ததில்லை. நான் தொலைபேசியில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மாடியில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு, குளிர்ந்த அறையில், போர்வை போர்த்தாத குறையாக உட்கார்ந்திருப்பார்.

அந்த மெஷின் யூனிக்ஸ் வகை. பழையது, ஆள் உயரம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணமான புதிதில் அவர் சொன்ன ஒரே ஒரு விஷயம். அன்றைக்கு நான் ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டேன். சாப்பிட்டார், கை கழுவினார், துண்டை எடுத்தார்.

"எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

கண்ணைச் சிமிட்டினார். "எங்க மெஷின்ல ஒரு வேலை கொடுத்தா, அது சரியா முடிஞ்சிருந்தா ஒண்ணுமே சொல்லாது. தப்பா போனாத்தான் சொல்லும். பதில் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்."

நல்ல மெஷின். அதைச் செய்தவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். அன்று பிடித்தது எனக்குச் சனி. புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால் பதில் இல்லை, அப்படியென்றால் சரி. காய்ச்சலோடு எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தால் பதில் இல்லை, அதுவும் சரி. என் அம்மா இறந்தபோது மனிதர் ஓடி ஓடி எல்லா வேலையும் பார்த்தார், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்து சிமிட்டினார்.

மகள் படிக்க விடுதிக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் போடும் ஒரே பொருள் ஃப்ரிட்ஜ். அதுவாவது அவ்வப்போது உறுமி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டும்.

இந்த நிலைமையில்தான் எனக்கு ஒரு மாற்றல் வந்தது. ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் இருக்கும் கிளை அலுவலகத்தில் புகார் பிரிவுக்குத் தலைமை. தலைமை என்றால் நாற்காலிக்குக் கைப்பிடி கூடும், திட்டு அதே திட்டுதான். ஆனால் அந்த ஊரில் என் அக்கா இருக்கிறாள். வாய் ஓயாதவள். நான் உப்புப் போட்டால் ஏன் போட்டாய் என்பாள், போடாவிட்டால் ஏன் போடவில்லை என்பாள். அவளோடு இருந்தால் சண்டையாவது போடலாம் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சண்டை போட ஆள் தேடித்தான் நான் மாற்றலுக்கு ஆசைப்பட்டேன்.

அவரிடம் கேட்டேன். "என்னங்க, கிளை ஆபீசுக்குப் போகச் சொல்றாங்க. போகட்டுமா?"

சிமிட்டினார். பதில் இல்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பதில் வராவிட்டால் எல்லாம் சரி என்பதுதானே வீட்டுச் சட்டம்? அப்படியென்றால் நான் போவதும் சரி. சரி என்றால் சரி, எனக்கென்ன! "விழா அன்னைக்குப் பெரியவர்கிட்ட முடிவைச் சொல்லியாகணும். அதுக்குள்ள ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அதுவும் அவருடைய பதில்தானோ என்னவோ.

விழா என்ன விழா என்று சொல்ல வேண்டும். எங்கள் பெரியவருக்கு, அதாவது தலைமைப் பொறியாளருக்கு, 'ஆகட்டும் ஐயா' என்று பெயர். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. அவர் எங்கேயோ ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே சுவரில் வண்ண வண்ணமாகப் படம் ஓடியதாம். வந்ததும் மாடியேறிப் போய் என் வீட்டுக்காரருடைய கறுப்புத் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, துக்க வீடு மாதிரி இருட்டா இருக்கு? ஹால் சுவர்ல பெருசா தொட்டி தெரியணும். உள்ள நீலமா தண்ணி ஏறி இறங்கணும். வாரியத் தலைவரைக் கூப்பிட்டுத் திறப்பு விழா வெச்சிடலாம்."

"அதுக்கு டிஸ்ப்ளே சர்வர் போடணும் ஐயா" என்றாராம் இவர்.

"ஆகட்டும்" என்றார் பெரியவர்.

அது என்ன என்று நான் கேட்டேன். ஆச்சரியம், அதற்கு மட்டும் பதில் வந்தது. மெஷினைப் பற்றிக் கேட்டால் மனிதருக்கு வாய் இருப்பது தெரியும். தொட்டிக் கணக்குப் போடும் நிரல் மாடியில் பழைய மெஷினில் ஓடும். ஆனால் அதற்கு வரையத் தெரியாது. திரை எங்கே இருக்கிறதோ அங்கே ஒருவன் தூரிகையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மாடியிலிருந்து 'நீலக் கோடு போடு' என்றால் அவன் போடுவான், 'அழி' என்றால் அழிப்பான், யாராவது சுட்டியை, அதாவது மவுஸை, அழுத்தினால் 'அழுத்திட்டாங்க' என்று மேலே சொல்லி அனுப்புவான். அந்த ஆள்தான் டிஸ்ப்ளே சர்வர். எந்தத் திரையில் வரைய வேண்டும் என்பதை மாடியில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அங்கே தட்டுவதெல்லாம் அந்தத் திரைக்குப் போகும்.

"அந்த வரியை மாத்தலைன்னா?" என்றேன் சும்மா.

"பழைய திரைக்கே போய்க்கிட்டிருக்கும்."

இவ்வளவு பேசியதில் களைத்துப்போய் அன்று சீக்கிரமே படுத்துவிட்டார்.

அந்த மனிதர் அதைப் போட்ட கதை பெரிய கதை. முதலில் திரையின் அளவை எழுதிவைக்கும் கோப்பில் ஏதோ எண் தவறிப்போய், ஹால் சுவரில் மாட்டிய பெரிய திரை சல்லடை போட்டது போலப் பொரிந்தது. பிறகு படம் குறுக்கே ஓடியது. பிறகு ஒன்றுமே வரவில்லை, அன்று மட்டும் பெரியவர் "இது பரவாயில்ல, கண்ணு கூசல" என்றார். அதன் பிறகு ஒருநாள் திரை முழுக்கச் சாம்பல் நிறமும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் வந்து நின்றன. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் குறிதான் சுட்டி நிற்கும் இடமாம், சர்வர் எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாம். பெரியவர் வந்து பார்த்தார்.

"தப்புன்னு போட்டிருக்கே?"

"அது தப்பு இல்ல ஐயா. சரியா வந்திருக்கு."

"சரியா வந்திருந்தா எதுக்குப் பெருக்கல் குறி போடுது? பார்க்க வர்ற தலைவர் பரீட்சையில தோத்த மாதிரி நினைக்க மாட்டாரா?"

அந்தப் பெருக்கல் குறியை அம்புக்குறியாக மாற்ற ஒரு பகல் போனது. தொட்டிகளின் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்தது. பெரியவர் அதையும் ரசித்து, கட்டங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, உள்ளே பெயர் எப்போது வரும் என்று கேட்டார். இவர் எங்கெங்கேயோ தேடி எழுத்துருவைப் பிடித்து வந்து போட்டார்.

சோதனையெல்லாம் என் மேஜையில் நடந்தது. எனக்கும் ஒரு சின்னத் திரையும் அதே சர்வரும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் படத்தை என் திரை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இவர் இறங்கி வந்து ஒரு வரி தட்டினார்.

"இனிமே நான் எது அனுப்பினாலும் உன் ஸ்கிரீன் வாங்கிக்கும்."

"என்னைக் கேக்காமலேயா?"

சிமிட்டிவிட்டு மாடியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் என் திரையில் இரண்டு பெரிய கண்கள் வந்து நின்றன. நான் சுட்டியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்தப் பக்கம் பார்த்தன. புகார் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கண்களையே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இவர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லையே என்று ஒரு மாதிரி இருந்தது. உள் தொலைபேசி அடித்தது.

"வந்துச்சா?" என்றார்.

"என்னது?"

"கண்ணு."

"வந்துச்சு."

"சரி, மூடிடு. சோதனைக்கு அனுப்பினேன்."

மூடினேன். எனக்கு வந்த கோபத்தில் அடுத்து அழைத்தவரிடம் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

விழா நாள் வந்தது. ஹாலில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, தலைவருக்கென்று உயரமான நாற்காலி ஒன்றையும் வைத்தார்கள். திரை ஓரத்தில் மேடைமேல் ஒரு சின்ன மேஜை, அதில் சுட்டி. காலையிலேயே இவர் மாடியில் அந்த ஒரு வரியை மாற்றி ஹால் திரைக்குத் திருப்பிவிட்டார். தொட்டிகள் சுவரில் வந்தன, நீலம் ஏறியது, இறங்கியது. மனிதருக்கு முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. நான் என் மேஜைக்குப் போய்விட்டேன். விழாவென்றால் ஊரில் யாருக்கும் தாகம் எடுக்காமலா போய்விடும்?

போகும் முன் சொன்னேன். "விழா முடிஞ்சதும் பெரியவர்கிட்ட சொல்லிடப் போறேன். போறேன்னு."

பதில் இல்லை. மாடியேறிப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. தொலைபேசி அடித்ததால் பிழைத்தேன்.

தலைவர் வந்தார், பேசினார், சுட்டியைக் கையில் எடுத்தார். டிவி ரிமோட்டைப் போலத் தூக்கிச் சுவரைப் பார்த்து நீட்டினார். அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நீட்டினார். பெரியவருக்கு வியர்த்துவிட்டது. ஸ்டோர்காரர் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"தங்கச்சி, எழுந்திரு! அந்த எலியைப் பிடிச்சு மேயவிடத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். தலைவர் அதை அடிச்சே கொன்னுடுவார்."

பேசிக்கொண்டிருந்தவரை வெட்டாமல் ரிசீவரை அப்படியே மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். மேடையில் மேஜையருகே நின்றேன். தலைவர் தொட்டி பெயரைச் சொல்வார், நான் அதன்மேல் அழுத்த வேண்டும், அது பெரிதாகத் தெரியும். இதுதான் ஏற்பாடு. இது எதுவும் மாடியில் இருக்கும் மனிதருக்குத் தெரியாது. அவர் கணக்கில் நான் என் மேஜையில், என் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"முதல் தொட்டி" என்றார் தலைவர்.

நான் சுட்டியை நகர்த்தினேன். அதற்குள் தொட்டிமேல் ஒரு சின்னச் சதுரம் வந்து உட்கார்ந்தது. நல்ல தமிழ் எழுத்தில், ஹால் கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில்:

'ஒரு நிமிஷம் இருக்கா?'

கீழே 'சரி' என்று ஒரு பொத்தான்.

"இருக்கு, இருக்கு" என்றார் தலைவர் சுவரைப் பார்த்துப் பெருந்தன்மையாக. அவர் இதுவும் ஏற்பாடு என்று நினைத்தார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கை ஓடவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

யாரும் அழுத்தாததால் மேலே அவருக்குப் பதில் போகவில்லை. பிழை என்றும் எதுவும் வரவில்லை. பிழை வரவில்லையென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, இவள்தான் கோபத்தில் அழுத்தாமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இன்னொரு சதுரம் வந்து இரண்டாவது தொட்டியை மறைத்தது.

'கேட்டதுக்குப் பதில் சொல்லலை. யோசிச்சுக்கிட்டிருந்தேன்.'

"யாருய்யா இது? யார் என்ன கேட்டது?" என்றார் பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றாவது வந்தது.

'உன் சமையல் நல்லாத்தான் இருக்கும். எல்லா நாளும்.'

ஹாலில் முன்வரிசை சிரித்தது. பின்வரிசை எழுந்து நின்று படித்துவிட்டுச் சிரித்தது. ஸ்டோர்காரர் மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாகச் சொல்வதாக நினைத்து, "ஐயா, இது தண்ணி சமாச்சாரம் இல்ல, நம்ம கர்சர் வீட்டுச் சமாச்சாரம்" என்றார். அது ஊருக்கே கேட்டது.

எனக்குக் காது மடல் வரை சுட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஓடினால் சுட்டியை யார் பிடிப்பது? அதற்குள் எல்லாத் தொட்டிகளையும் மூடிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக ஒன்று வந்தது.

'போகாதே. வீடு ஓடாது.'

சிரிப்பு நின்றுவிட்டது.

தலைவர்தான் முதலில் பேசினார். "அம்மா, அது நகர்ந்தாத்தான் தண்ணி தெரியும்போல. ஏதாவது ஒண்ணை அழுத்துங்க."

ஏதாவது ஒன்று இருந்தால்தானே? ஒரே ஒரு பொத்தான். 'சரி' மட்டும். 'மாட்டேன்' என்று இன்னொன்றை வைக்கத் தோன்றவில்லை பாருங்கள், என்ன திமிர்! இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திறந்ததும் நான் சரி என்றுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று இன்றுவரை தெரியாது. மைக்கைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ஸ்டோரண்ணே, மாடியில இருக்கற மனுஷனைக் கீழே வரச் சொல்லுங்க."

"தங்கச்சி, விழா..."

"வரச் சொல்லுங்க."

பெரியவர் வாயைத் திறந்தார். ஆகட்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

இவர் வந்தார். படியிறங்கி முதலில் என் மேஜையைத்தான் எட்டிப் பார்த்தாராம், காலியாக இருந்ததாம், போய்விட்டாள் என்றே நினைத்தாராம். பிறகு ஹால் வாசலில் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். தன் எழுத்துகளை ஆள் உயரத்துக்குப் பார்த்தார். அந்த ஒரு வரி. காலையில் சுவர்ப் பக்கம் திருப்பியதை, எனக்கு எழுதும் முன் என் பக்கம் திருப்ப மறந்திருந்தார். அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிமிட்டினார். சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

"படிச்சேன்" என்றேன் மைக்கில். "இப்ப வாயால சொல்லுங்க."

"அதான்... எழுதியிருக்கே" என்றார். காற்றுதான் வந்தது.

"எழுதினது சுவருக்கு. எனக்குச் சொல்லுங்க."

நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இந்த மனிதர் இப்போதும் பேசாமல் நின்றால் இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான். பயமாக இருந்தது. பேசிவிட வேண்டுமே என்று சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"போகாதே" என்றார். குரல் உடைந்து, பாதி வாசலிலேயே விழுந்துவிட்டது. ஆனால் எனக்குக் கேட்டது. பிறகு, யாரும் கேட்காமலேயே, இன்னொன்றும் சொன்னார். "எனக்குச் சரியில்ல. நீ போறது எனக்குச் சரியில்ல."

நான் ஒவ்வொன்றாக 'சரி'யை அழுத்தினேன். 'போகாதே' மறைந்தது. சமையல் மறைந்தது. யோசனை மறைந்தது. ஒரு நிமிஷமும் மறைந்தது. தொட்டிகள் எல்லாம் நீலமாகத் தெரிந்தன. ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். தொட்டிக்குத் தட்டினார்களா எங்களுக்குத் தட்டினார்களா என்று நான் கேட்கவில்லை. தலைவர் மட்டும் போகும்போது பெரியவரிடம், "படம் பரவாயில்ல, அந்த எழுத்து வர்றதுதான் நல்லா இருந்துச்சு, எல்லா ஆபீசுக்கும் வெச்சிடுங்க" என்றார். பெரியவர் ஆகட்டும் என்றார். அதனால் அது எங்கேயும் வராது என்று நிம்மதியானேன்.

மாற்றல் வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன். என் மேஜைக்குத் திரும்பியபோது நான் எடுத்து வைத்த தொலைபேசியில் ஒருவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவரை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைத்தேன். அன்றைய களேபரத்தில் என்ன போட்டேன், என்ன விட்டேன் என்று நினைவில்லை. உட்கார்ந்தார். சாப்பிட்டார். பேச்சில்லை. ஹாலில் பேசிய மனிதர் ஹாலோடு போய்விட்டாரா என்று நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிமிட்டவில்லை.

"உப்பு கம்மி" என்றார்.

எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்தேன். அதைத் திறக்க முடியவில்லை, கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அவரே எழுந்து வந்து திறந்து கொடுத்தார்.